உட்காருவதற்காக ஓர் அறுவை சிகிச்சை

ஒரு தடித்த புத்தகத்தை ஒரு பக்கப் பிட்டத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். சில நிமிடங்களிலேயே உடம்பு தாழ்ந்த பக்கம் சரியத் தொடங்கும். தலையை நேராக வைத்துக்கொள்ள முதுகை மறுபக்கம் வளைப்பீர்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு கை தானாகவே நாற்காலியின் பிடியைத் தேடும். உங்களுக்குத் தசை வலு இருக்கிறது. சலித்தால் புத்தகத்தை உருவிப் போட்டுவிடலாம். மூளைவாதமோ தசைச் சிதைவு நோயோ உள்ள பிள்ளைக்கு இடுப்பே இப்படிச் சாய்ந்துவிட்டால் உருவிப் போட எதுவும் இல்லை. நாளெல்லாம் கையை ஊன்றியே உட்கார வேண்டும், சிலருக்கு இரண்டு கைகளையும். கைகள் ஊன்றுவதற்கே போய்விட்டால் சோறு எடுக்கவும் பேனா பிடிக்கவும் சக்கர நாற்காலியின் விசையைத் தள்ளவும் எது மிச்சம்?

இந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் முதுகெலும்பு அறுவை சிகிச்சையை இந்த இடத்திலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும். முதுகை நிமிர்த்தப் போகிறார்கள் என்று கேட்டதும், பிள்ளை எழுந்து நடந்துவிடும் என்ற ஆசை பெற்றோர் மனத்தில் துளிர்ப்பது இயல்பு. நடை வராது. அடிப்படை நோயும் மாறாது. இடுப்பு மட்டமாகும், உடம்பு அதன்மேல் நேராக நிற்கும், கைகள் விடுபடும், வலியில்லாமல் உட்காரும் நேரம் கூடும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே வாழும் பிள்ளைக்கு இது மிகப் பெரிய காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகளால் ஆனது. அதை நேராக நிறுத்தி வைப்பவை இருபக்கத் தசைகளும், அந்தத் தசைகளுக்கு ஓயாமல் கட்டளை அனுப்பும் நரம்புகளும். மூளைவாதத்தில் கட்டளை குழம்புகிறது. சில தசைகள் இறுகிப்போகின்றன, சில தளர்கின்றன. டூஷேன் தசைச் சிதைவில் தசையே அழிகிறது. எஸ்எம்ஏ என்ற தண்டுவடத் தசைநார்ச் சிதைவில் தசையை இயக்கும் நரம்பணுக்கள் மடிகின்றன. தண்டுவடம் சரியாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்குக் கீழ்முதுகின் நரம்புகள் பழுதாகியிருக்கும். காரணங்கள் வேறு வேறு. ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் படம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: முதுகு முழுவதும் ஓடும் நீண்ட ஒற்றை வளைவு, அதன் அடியில் ஒரு பக்கம் தூக்கிக்கொண்ட இடுப்பு.

வளைவை அளக்கும் முறை ஒன்றுதான். வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் மிகவும் சாய்ந்திருக்கும் எலும்புகளைக் கண்டு, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தை எடுக்கிறார்கள். நியூயார்க்கில் பணியாற்றிய ஜான் காப் என்ற மருத்துவர் 1948இல் விளக்கிய முறை இது. இன்றும் காப் கோணம் என்றே பெயர். 10 டிகிரிக்கு மேல் போனால் அதை வளைவு என்று கணக்கில் கொள்கிறார்கள்.

பதின்வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமல் வரும் முதுகு வளைவு பற்றிப் பலர் படித்திருக்கலாம். அங்கே பெல்ட் போட்டால் வளைவு பலருக்குக் கட்டுப்படும். எலும்பு வளர்ச்சி முடிந்ததும் சிறிய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். இந்த இரண்டு ஆறுதல்களும் நரம்பு, தசை நோய்களில் இல்லை. மூளைவாதத்தில் 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி முடிந்த பிறகும் ஆண்டுக்குச் சராசரியாக 1 டிகிரிக்கு மேல் கூடிக்கொண்டே போவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெல்ட் வளைவைத் தடுப்பதில்லை. மென்மையான பெல்ட் சில பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும், அந்த அளவுக்கு அது பயன்தான். இறுக்கமான பெல்ட் நெஞ்சையும் வயிற்றையும் அழுத்தும், தோலைப் புண்ணாக்கும். டூஷேன் பிள்ளைகளுக்குப் பெல்ட் வேண்டாம் என்றே சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகப் பெல்ட் மாற்றிக்கொண்டிருப்பதில் காலம்தான் கரைகிறது.

அந்தக் காலக்கணக்கு மிகவும் கறாராக இருப்பது டூஷேன் நோயில். ஆண் குழந்தைகளுக்கே பெரும்பாலும் வரும் இந்த நோயில், ஸ்டீராய்டு மருந்து எடுக்காத பிள்ளை 12, 13 வயதுக்குள் நடையை இழந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் முதுகு வேகமாக வளையத் தொடங்குகிறது. அதே வயதில் மூச்சுத் தசைகளும் வலுவிழக்கின்றன, இதயத் தசையும் மெல்லப் பலவீனமாகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் ஓடுவதால், அறுவை சிகிச்சை தாங்கக்கூடிய காலம் குறுகியது. ஆழ மூச்சிழுத்து முழுவதும் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, அந்த வயதுக்கு இருக்க வேண்டியதில் 30 முதல் 35 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஆபத்து கூடுகிறது. அனுபவமுள்ள சில மையங்கள் அதற்குக் கீழேயும், மூச்சுக்கு உதவும் பைபாப் கருவியின் துணையோடு செய்கின்றன. எங்கும் அது சாத்தியம் என்று எண்ணிவிடக் கூடாது.

அதனால்தான் டூஷேனில் வளைவு பெரிதாகும்வரை காத்திருப்பதில்லை. பிள்ளை சக்கர நாற்காலிக்கு மாறியதும் முதல் முதுகெலும்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளர்ச்சி முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 20 டிகிரியைத் தொட்டால் முதுகெலும்பு நிபுணரிடம் போக வேண்டும். வேறு எந்தப் பிள்ளைக்கும் 20 டிகிரியில் யாரும் கத்தியைப் பற்றிப் பேசமாட்டார்கள். இங்கே பேசுகிறார்கள், ஏனென்றால் ஸ்டீராய்டு எடுக்காத பிள்ளைக்கு அந்த 20 நிச்சயம் வளரும். வளர்ந்தபின் நுரையீரல் இடம் கொடுக்காமல் போகலாம்.

ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைகளின் கதை வேறு. டொரொன்டோவில் டெஃப்ளசகார்ட் என்ற ஸ்டீராய்டு எடுத்த பிள்ளைகளையும் எடுக்காதவர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். எடுக்காதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதுகு வளைந்தது. எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான். 2013இல் வெளியான அந்த முடிவுகள், பல பிள்ளைகள் கத்தியே இல்லாமல் தப்பலாம் என்று காட்டின. உடல் பருமன், கண்புரை, முதுகெலும்பு நொறுங்குதல் என்று ஸ்டீராய்டுக்கும் விலை உண்டு. ஆனாலும் மருந்தைத் தாமாக நிறுத்தும் குடும்பங்கள், இந்த ஒரு கணக்கையாவது மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மூளைவாதத்தில் அவசரம் வேறு விதமானது. தானாக நடக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய வளைவு அரிது. தலையைத் தாங்கவும் பிறர் உதவி வேண்டிய பிள்ளைகளுக்கே அபாயம் மிக அதிகம். பொதுவாக வளைவு 50 டிகிரியை நெருங்கி, கூடிக்கொண்டே போய், உட்காருவதைக் கெடுக்கும்போது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். விலா எலும்புகள் இடுப்பெலும்பில் உரசி வலிக்கும். ஒரு பிட்டத்தில் மட்டும் எடை விழுந்து புண் வரும். பல பிள்ளைகளால் வலியை வாயால் சொல்ல முடியாது. தூக்கமின்மை, காரணமில்லாத அழுகை, உட்கார வைத்ததும் உடம்பு விறைப்பது ஆகியவற்றை வைத்து அம்மாதான் கண்டுபிடிக்கிறார். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் அதே கவனத்தோடு அந்தத் தாயின் பேச்சையும் கேட்க வேண்டும்.

இன்று பயன்படும் முறை உருவான வரலாறு சுருக்கமானது, ஆனால் சொல்லத் தக்கது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1940களின் இறுதியில் போலியோவால் முதுகு வளைந்த குழந்தைகள் நிறைய வந்தார்கள். பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் அவர்களுக்காக முதுகெலும்போடு பொருத்தும் எஃகுக் கம்பியை உருவாக்கி 1962இல் தன் அனுபவத்தை வெளியிட்டார். அந்தக் கம்பி மேலும் கீழும் கொக்கிகளால் மட்டும் பிடித்துக்கொண்டது. அதனால் பல மாதம் உடம்பெல்லாம் மாவுக்கட்டு போட வேண்டியிருந்தது. மெக்ஸிகோ நகரத்தின் எடுவார்டோ லூக்கேயிடம் வந்தவர்களோ ஏழைகள். வெயில் நாட்டில் மாவுக்கட்டோடு கிடக்கவோ, திரும்பத் திரும்ப மருத்துவமனைக்கு வரவோ அவர்களால் முடியவில்லை. 1970களில் அவர் ஒவ்வொரு முதுகெலும்பையும் தனித்தனியாக உலோக இழையால் கம்பியோடு கட்டினார். கட்டு உறுதியானது, மாவுக்கட்டு தேவையற்றுப் போனது. அந்த ஏழை நோயாளிகளின் தேவையிலிருந்து பிறந்த யோசனை பின்னர் பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இடுப்பு இன்னும் சாய்ந்தே இருந்தது. டெக்சாஸின் கடலோர ஊரான கால்வெஸ்டனில் ஆலன், ஃபெர்குசன் என்ற இருவர், கம்பியின் கீழ்முனையை வளைத்து இடுப்பெலும்புக்குள் செலுத்தினார்கள். முதுகும் இடுப்பும் அதன்பின் ஒரே கட்டாயின. 1980களில் வந்த இந்த மாற்றம்தான், என் பார்வையில், இந்தக் குழந்தைகளுக்கு உண்மையான திருப்பம். இன்று உலோக இழைக்குப் பதில் பெரும்பாலும் ஸ்க்ரூக்கள். கொரியாவில் சுக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 1990களில் அவற்றை முதுகு வளைவுக்கு விரிவாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். இடுப்பில் பதிக்கவும் நீளமான ஸ்க்ரூக்கள் வந்துவிட்டன. இடுப்பு மட்டமாக வேண்டும் என்ற குறிக்கோள் மட்டும் மாறவில்லை.

அறுவை அரங்கில் பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, வயிறு எதிலும் அழுந்தாமல் தொங்கும்படி சட்டத்தில் தாங்குவார்கள். வயிறு அழுந்தினால் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி முதுகில் ரத்தக் கசிவு கூடும். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புவரை நடுமுதுகில் ஒரே நீண்ட வெட்டு. தசைகளை விலக்கி, ஸ்க்ரூ பதித்து, இரண்டு கம்பிகளைப் பொருத்தி, வளைவை மெல்லத் திருத்துவார்கள். பிறகு எலும்புகளின் மேற்பரப்பைச் சுரண்டி எலும்புத் துகள்களைப் பரப்புவார்கள். அடுத்த பல மாதங்களில் எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே எலும்பாகும். நிலையான பிடிப்பு அந்தச் சேர்க்கையிலிருந்தே வருகிறது, கம்பி அதுவரை தாங்கும் துணைதான். இவ்வளவுக்கும் ஐந்து முதல் எட்டு மணி நேரம் ஆகலாம்.

30 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 2 லிட்டர்தான். இந்த நோய்களில் ரத்தக் கசிவு மற்ற முதுகு வளைவுகளைவிட அதிகம். உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சிந்திய ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றும் கருவி, முன்கூட்டியே எடுத்து வைத்த ரத்தம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். தலையிலும் கால்களிலும் மின்முனைகளை ஒட்டி, தண்டுவடம் வழியே சமிக்ஞை போய்வருகிறதா என்று தொடர்ந்து பார்ப்பார்கள். அது குறைந்தால் உடனே திருத்தத்தைத் தளர்த்தலாம்.

டூஷேன் குடும்பங்கள் ஒரு செய்தியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்வு மருந்து இந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் பொட்டாசியத்தைத் திடீரென ஏற்றி இதயத்தை நிறுத்திவிடலாம். முகர வைக்கும் மயக்க வாயுக்களும் தசையைச் சிதைக்கலாம். நரம்பு வழியே செலுத்தும் மயக்க மருந்துகளே பாதுகாப்பு. பல் பிடுங்க, குடல்வால் எடுக்க என்று சின்னச் சிகிச்சைக்குப் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள். ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளுக்கு ரப்பர் கையுறையில் உள்ள லேடெக்ஸ் ஒவ்வாமை அதிகம். அதையும் சொல்ல வேண்டும்.

சிறு குழந்தைகளுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. 10 வயதில் நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு, வளர்ந்தவரின் கொள்ளளவில் பாதிதான். அதற்கு முன்பே முதுகை ஒட்டவைத்தால் நெஞ்சு வளராது, நுரையீரலும் சுருங்கியே இருக்கும். எஸ்எம்ஏ குழந்தைகளுக்கு வளைவு மிக இளமையிலேயே தொடங்கும். ஆகவே நீட்டக்கூடிய கம்பியைப் பொருத்தி, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிய அறுவையில் நீட்டுவார்கள். வெளியே காந்தம் வைத்தே நீட்டும் கம்பியும் வந்தது. உலோகத் துகள் உதிர்வது போன்ற கவலைகளால் பிரிட்டனில் 2020இல் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தார்கள். எஸ்எம்ஏயில் இன்னொன்றும் உண்டு. 2016 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென் மருந்தைக் கீழ்முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் செலுத்த வேண்டும். முதுகு முழுவதும் எலும்பாக ஒட்டிவிட்டால் ஊசி நுழைய வழியிருக்காது. அதனால் பல அறுவை மருத்துவர்கள் கீழ்முதுகில் ஒரு சிறு இடைவெளியை விட்டுவைக்கிறார்கள். வாயால் குடிக்கும் ரிஸ்டிப்லாம் எடுக்கும் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்த மருந்து, எந்தக் கம்பி என்ற இரண்டு முடிவுகளையும் ஒரே மேசையில் எடுக்க வேண்டும்.

ஆபத்தை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. சிறியதும் பெரியதுமாக ஏதோ ஒரு சிக்கல் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு வருகிறது. நிமோனியா, மூச்சு இயந்திரத்திலிருந்து விடுபடத் தாமதம், குடல் சில நாள் இயங்காமல் போவது, கம்பி உடைவது, ஸ்க்ரூ கழல்வது. உயிரிழப்பு அரிது, ஆனால் உண்டு. காயத்தில் கிருமித் தொற்று, காரணம் தெரியாத பதின்வயது வளைவுகளைவிடப் பல மடங்கு அதிகம். வெட்டின் கீழ்முனை டயப்பருக்கு அருகில் இருப்பதும், சிறுநீர்ப் பாதையில் ஏற்கெனவே கிருமி இருப்பதும், உடல் மெலிவும் அதற்குக் காரணங்கள்.

இதில் கடைசியான மெலிவைக் குடும்பத்தால் மாற்ற முடியும் என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைகளில் பலர் போதிய சத்தில்லாமல் இருக்கிறார்கள். ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் காயம் ஆறுவது கடினம். வயிற்றில் உணவுக் குழாய் பொருத்தி, சில மாதம் எடை ஏற்றி, வைட்டமின் டி குறைவைச் சரிசெய்து, அதன்பின் அறுவைக்குப் போவது பல நேரங்களில் நல்லது. உணவுக் குழாயைத் தோல்வியாக எண்ணிக் கலங்கும் தாய்மார் உண்டு. அறுவைக்குப் பிறகு பிள்ளை தேறுவதற்கு அது எவ்வளவு உதவுகிறது என்று விளக்கினால் அந்தக் கலக்கம் குறையும். வலிப்பு மருந்துகளையும் பரிசீலிக்க வேண்டும். வால்புரோயேட் சிலருக்கு ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக் கூடாது.

சிகிச்சை முடிந்து சில நாட்கள் ஐசியு, இரண்டு மூன்று நாளில் உட்கார வைக்கும் முயற்சி, ஒன்றிரண்டு வாரத்தில் வீடு என்பது சிக்கலில்லாத பாதை. வீட்டுக்கு வந்ததும் பழைய சக்கர நாற்காலி பொருந்தாது. வளைந்த உடம்புக்காகச் செய்த இருக்கையில் நேரான உடம்பை உட்கார வைத்தால் புதிய புண்தான் வரும். பிள்ளையின் உட்காரும் உயரமும் கூடியிருக்கும். ஆட்டோவில் ஏற்றும்போது தலை இடிக்கும். இடுப்பில் தூக்கிவைத்துப் பழகிய தாத்தாவுக்கு இனி அப்படித் தூக்க வராது. முதுகு மடங்காததால் இருவராகத் தூக்கும் முறையை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும்.

அறுவைக்கு முன் யாரும் சொல்லாமல் விட்டுவிடக்கூடிய ஓர் இழப்பு இருக்கிறது. டூஷேன் பிள்ளையால் கையை வாய்வரை தூக்க முடியாதபோது, முதுகை முன்னால் வளைத்து வாயைக் கைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடும். முதுகு விறைப்பானபின் அந்த வழி அடைபடும். தானே சாப்பிட்ட பிள்ளைக்குப் பிறர் ஊட்ட நேரிடும். தரையில் நகர்ந்து போகும் எஸ்எம்ஏ, ஸ்பைனா பைஃபிடா பிள்ளைகளுக்கும் இப்படித்தான். முதுகை வளைத்துச் செய்த நகர்வு போய்விடலாம். மேசையை உயர்த்துவது, முழங்கையைத் தாங்கும் பிடி வைப்பது, நீளக் கைப்பிடிக் கரண்டி கொடுப்பது என்று தொழில்வழிச் சிகிச்சையாளர் பலவற்றைச் செய்துதர முடியும். அவற்றை அறுவைக்கு முன்பே முயன்று பழகினால் பிள்ளைக்கு அதிர்ச்சி இல்லை.

கிடைக்கும் பலன் என்ன? டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனையில் உருவான ஒரு கேள்விப் பட்டியல், குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, உட்காருவது, தூங்குவது எல்லாம் எவ்வளவு சிரமம் என்று பராமரிப்பவரிடமே கேட்கிறது. மூளைவாதப் பிள்ளைகளின் குடும்பங்கள் பெரும்பாலும் அறுவைக்குப் பின் மேம்பட்ட மதிப்பெண்களைத் தருகின்றன. சிக்கல்களைக் கடந்து வந்தவர்களில் கூடப் பலர் மறுபடியும் இதே முடிவை எடுப்போம் என்கிறார்கள். ஆயுள் நீளும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குத் தெளிவான சான்று இல்லை. டூஷேனில் நுரையீரல் தேய்வதையும் இது நிறுத்துவதில்லை.

அறுவை வேண்டாம் என்று முடிவெடுக்கும் குடும்பங்களும் உண்டு. இதயம் மிகவும் பலவீனமான பிள்ளை, அடிக்கடி நிமோனியாவால் சோர்ந்த பிள்ளை, வலியில்லாமல் சாய்ந்தபடியே நிம்மதியாக இருக்கும் பிள்ளை இவர்களுக்கு அது சரியான முடிவாக இருக்கலாம். பிள்ளையைக் கைவிட்டதாக யாரும் பேசக் கூடாது. உடம்பின் வடிவத்துக்கே அச்செடுத்துச் செய்த இருக்கை, எடையைப் பிரித்துத் தாங்கும் மெத்தை, இரவில் பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, வலிக்கு ஒழுங்கான மருந்து, இருமலுக்கு உதவும் கருவி இவையெல்லாம் அப்போதும் தேவைப்படும் சிகிச்சைகளே.

முடிவு எதுவானாலும், டூஷேன் பிள்ளைகளில் பெரும்பாலோர் 12 வயதில் எல்லாம் புரிந்துகொள்ளக் கூடியவர்கள். அறையில் பெரியவர்கள் நான்கு பேர் அவன் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு நேரம் உட்கார ஆசை, எங்கே வலிக்கிறது, எதைத் தன் கையால் செய்வதை விடவே முடியாது என்று அவனிடமே கேளுங்கள். மூளைவாதத்தால் பேச முடியாத பிள்ளையிடம் படங்களைக் காட்டியும் கண்ணசைவை வைத்தும் கேட்கலாம். அந்தப் பதில்களை எழுதி அறுவை மருத்துவரிடம் கொடுங்கள். கம்பி எதுவரை போக வேண்டும், கழுத்தும் இடுப்பும் எவ்வளவு அசைய வேண்டும் என்று அவர் திட்டமிடும்போது அது பயன்படும்.